இடைவேளைக்குப் பின் தண்டனை

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தண்டனை என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். அதென்ன சாப்பிட்டுவிட்டு வந்து தண்டிக்கிறது, வெறும் வயிற்றோடு தண்டித்தால் ஆகாதா, இல்லை, வயிறு நிறைந்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் இரக்கம் ஊறும் என்று சட்டம் எழுதினவன் யோசித்து வைத்திருப்பானோ, அப்படியானால் ஐயாவின் சாப்பாட்டுக் கூடையில் இன்றைக்கு என்ன குழம்பு வந்திருக்கிறது என்று விசாரித்து வைப்பது நல்லதுதானே, புளிக்குழம்பு என்றால் ஆறு மாசம், கருவாட்டுக் குழம்பு என்றால் ஒரு வருஷம், உப்புக் கூடிப்போன குழம்பு என்றால் தீர்ந்தது கதை என்று தவசிலிங்கத்தின் புத்தி பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஓடட்டும். நிற்கவிட்டால்தான் ஆபத்து. நின்றால் 'குற்றவாளி என்று இந்த மன்றம் முடிவு செய்கிறது' என்ற சொல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். இத்தனை வருஷம் இதே கட்டடத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ பேர் தலையில் விழப் பார்த்திருக்கிறார், அப்போதெல்லாம் அது எங்கோ தெருக்கோடியில் யார் வீட்டுப் பாத்திரமோ உருளுகிற சத்தம் மாதிரித்தான் கேட்டது. இன்றைக்குத் தன் பெயரோடு சேர்த்துச் சொன்னபோதும் முதலில் அப்படியேதான் கேட்டது. பழக்கதோஷத்தில், எவனோ மாட்டிக்கொண்டான் பாவம் என்றுகூட நினைத்துவிட்டார். ஏட்டு முனியராஜ் தோளைத் தொட்டு, "வாங்கண்ணே, வெளிய உக்காருவம். ஹாலப் பூட்டப் போறாக," என்றபோதுதான் அந்த எவனோ எழுந்து நடக்க வேண்டியவன் என்று தெரிந்தது.

வராண்டா பெஞ்சு அவருக்குப் புதிதில்லை. அந்தப் பெஞ்சு எத்தனை பேரைத் தாங்கியிருக்கிறதென்றால், பலகை மனுஷ இடுப்பளவுக்குக் குழிந்து, உட்காருகிறவன் கூர்ந்து கவனித்தால் தனக்கு முன்னால் உட்கார்ந்தவனின் உடம்புச் சூடு தெரியும். அவர் எப்போதும் உட்காருவது வலது ஓரம், சாட்சிகளின் ஓரம். முனியராஜ் அவரை நடுவில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து டிபன் பாக்சைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு, மிளகாய் வற்றல். "சாப்பிடுறீகளாண்ணே?" "வேண்டாம்ப்பா." "ஓடிக்கீடிப் போயிரமாட்டீகளே? கையில ஒண்ணும் மாட்டல, உங்களுக்குப்போயி என்னத்த மாட்டுறதுன்னு விட்டுட்டேன்." "எங்கருந்து ஓட? ரெண்டு டயருலயும் காத்து இல்ல." முனியராஜ் புரையேறச் சிரித்தார். கிழக்குக் காவல் நிலையத்துக்கு நேரெதிரே பஞ்சர்க் கடை போட்டிருந்தவர் தவசிலிங்கம். போட்டது வேறெதற்குமில்லை, அந்த இடத்தில் புங்கமர நிழல் இருந்தது. நிழலைப் பார்த்தாரே தவிர எதிரே இருந்த சிவப்புக் கட்டடத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் யாரிடமோ கத்தியைப் பிடித்த போலீஸ், பிடித்ததை எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட இரண்டு பொது ஆட்கள் வேண்டும் என்று ரோட்டுக்கு வந்து பார்த்தது. எல்லாரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எப்படி ஓடுவான்? "தவசி, இங்க வந்து ஒரு கையெழுத்துப் போடு." போட்டார். அப்புறம் கோர்ட்டுக்கு வந்து, பார்த்தேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் கொப்புளம் தேடிக்கொண்டிருக்கும்போதே குரல் வரும், எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே போவார். ஊருக்குள் எந்தத் திருட்டுப் பொருள் எடுத்தாலும், எந்தச் சாராயக் கேன் பிடித்தாலும், தற்செயலாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர் தவசிலிங்கம். மேற்கே குடத்தைப் பறித்தாலும் அங்கே போய்க்கொண்டிருந்தார், கிழக்கே கோழியைப் பிடித்தாலும் அங்கே போய்க்கொண்டிருந்தார். காகிதத்தில் அவர் நடந்த நடையைச் சேர்த்துப் பார்த்தால் காசிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில் ராமேஸ்வரத்தையும் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். உண்மையில் அவர் புங்கமரத்தை விட்டு நகர்ந்ததே கிடையாது.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வதில் ஒரு தொந்தரவு உண்டு, அதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அது தெரிய ஆரம்பித்துவிடும். 'தெருவிளக்கு வெளிச்சத்தில் அடையாளம் தெரிந்தது' என்று கூண்டில் நின்று சொல்வார், எல்லா மகஜரிலும் ஒரு தெருவிளக்கு உண்டு, இந்த ஊரில் தெருவிளக்கு எரிந்ததெல்லாம் போலீஸ் காகிதத்தில் மட்டும்தான். ஆனால் நாலு தடவை சொன்ன பிறகு அந்த விளக்கைச் சுற்றி ஈசல் பறப்பது தெரியும். கத்தியின் பிடியில் சுற்றியிருந்த கயிறு தெரியும். ஓடினவனின் குதிகால் வெடிப்பு தெரியும். இன்ஸ்பெக்டர் ரத்தினசாமிகூட ஒருதடவை அசந்துபோய், "ஏய், கயிறு நான் எழுதலியேடா, எங்கருந்து வந்துச்சு?" என்றார். அந்த ரத்தினசாமிக்கு ஒரு கவலை, தூக்கத்தில்கூட அதுதான். "தவசி, இந்த மாசம் நம்ம பர்சன்டேஜ் விழுந்துருச்சுடா." மாசாமாசம் மேலதிகாரி கூட்டம் போட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்பாராம், எத்தனை வழக்குப் போட்டாய், எத்தனையில் தண்டனை வாங்கினாய் என்று. ஸ்டேஷன் விழுந்தால் மாவட்டம் விழும், மாவட்டம் விழுந்தால் மாநிலம் விழும், மாநிலம் விழுந்தால் டெல்லியில் புத்தகம் போடுகிறவன் நாட்டையே கீழே இழுத்து எழுதிவிடுவான். அப்போதெல்லாம் தவசிலிங்கத்துக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. நாடு ஒரு பெரிய லாரி, எங்கோ ஒரு சக்கரத்துக்குக் கீழே நான் ஜாக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், நான் கையை எடுத்தால் இமயமலை ஓரமாக அது சாயும் என்று. இன்றைக்கு யோசித்தால், இந்த மத்தியானத்தோடு அதே கணக்கில் தானும் ஒன்றாக ஏறிவிட்டோம் என்று தெரிகிறது. வழக்குப் போட்டது ஒன்று, தண்டனை ஒன்று, நூற்றுக்கு நூறு. ரத்தினசாமி ஓய்வு வாங்கிக்கொண்டு மகன் வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். அவரை ஏன் யாரும் கேட்கவில்லை, சே, அந்தப் பக்கம் போகாதே, அது முள்ளுக்காடு, போனால் டியூப் கிழியும், குழம்புக்கு வா, என்ன குழம்பாயிருக்கும்.

அவரைக் கவிழ்த்தது பொய்யில்லை. பழக்கம். அதுதான் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கு. அரசு வக்கீல் கேட்டார், "அன்னைக்கு நீங்க பார்த்த நபர் இந்தக் கோர்ட்டுல இருக்காரா?" இந்தக் கேள்விக்கு முகத்தைப் பார்க்கிற வேலையே இல்லை. முகத்தைப் பார்த்தால் நாக்கு தட்டும் என்று அவர் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக்கொண்டார். மேஜை விளிம்பைப் பார்த்தபடி வலது கையை இடப்பக்கம், குற்றம் சாட்டப்பட்டவன் நிற்கிற எதிரிக் கூண்டுக்கு நேரே நீட்டினால் போதும், அங்கே நிற்பவன்தான் எதிரி, வேறு யார் அங்கே போய் நிற்கப் போகிறான்? கையை நீட்டினார். "அந்தா நிக்கிறவருதான்யா. தெருவிளக்கு வெளிச்சத்துல நல்லாப் பார்த்தேன்." ஹாலில் எங்கோ ஒரு கனைப்பு, அப்புறம் மேற்கூரை ஓடு குலுங்கச் சிரிப்பு. கூண்டுக்கு மேலே ஃபேன் ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியன் ஞானதிரவியத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவன் கூண்டுக் கம்பியில் ஒரு காலும் ஸ்டூலில் ஒரு காலுமாக நின்று, வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நிஜமான எதிரி காய்ச்சலென்று மூலையில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே குத்தவைத்திருந்தான். திரவியத்தின் வாயிலிருந்து டெஸ்டர் விழுந்து உருண்டது. அப்போதிருந்த நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. சங்கிலிக்காரனை விடுதலை செய்துவிட்டு, சாட்சி மேல் வழக்குப் போடச் சொல்லி எழுதிவிட்டு எழுந்து போனார். ஊரில் பொய்ச்சாட்சி சொல்லாதவன் யார், ஆனால் அதற்காகத் தண்டனை வாங்கினவன் என்று ஒருத்தனைக் கூட்டிவா பார்க்கலாம் என்று ரத்தினசாமி அன்றைக்குத் தோளில் தட்டினார். இதோ, கூட்டி வந்தாகிவிட்டது.

வக்கீல் கோமதிநாயகம் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார், கக்கத்தில் மடித்த பேப்பர். "என்னண்ணே, மூஞ்சி இப்படி இருக்கு? தண்டனைய நாந்தான் வாங்கப்போற மாதிரி நான் இருக்கணும், நீங்க தெம்பா இருக்கணும்." பெஞ்சில் உட்காராமல் தூணில் சாய்ந்துகொண்டார். "கேளுங்க. நாடு பூரா இப்ப இதே பேச்சுத்தான். கேஸு போடுறது ஏறிக்கிட்டே போகுது, தண்டனை ஆகுறது இறங்கிக்கிட்டே போகுது. எதனாலன்னு கேட்டா எல்லாரும் சாட்சியத்தான் கைகாட்டுறான். சாட்சி பல்டி அடிக்கான், சாட்சி பொய் சொல்றான்னு. அதனால மாட்டுன சாட்சிய நல்லா நசுக்கணும்னு ஒரு காத்து அடிக்குது. அரசுத் தரப்புல ஏழு வருஷம் கேக்கப் போறாங்க." "ஏழா?" என்றார் முனியராஜ், சோற்றை நிறுத்தி. "கேப்பாங்க. குடுப்பாங்கன்னு சொன்னேனா? நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மூணு. மூணு வருஷத்துக்குள்ள போட்டாருன்னா, அப்பீல் போறவரைக்கும் தண்டனைய நிறுத்தி வைங்கன்னு இங்கயே மனு குடுத்து, சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போயிரலாம். மூணுக்கு மேல ஒரு மாசம் ஏறினாலும் நேரா சென்ட்ரல் ஜெயில்தான்." தவசிலிங்கம் தலையாட்டினார். "இப்ப ஐயா கேப்பாரு, தண்டனை பத்தி என்ன சொல்ற? அப்ப நெஞ்சுல கைய வச்சு, வயசான தாயார் இருக்காங்க, மனைவி சீக்காளி, நான் ஒருத்தன் சம்பாத்தியம், குறைச்சுக் குடுங்கன்னு சொல்லணும்." "அம்மா தவறிப் போயி வருஷக்கணக்காச்சே வக்கீலய்யா. சீனியம்மா கல்லு மாதிரி இருக்கா. நேத்துக்கூட கேஸ் சிலிண்டர அவதான் தூக்கி வச்சா." கோமதிநாயகம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

இல்லைதான். சொல்லித் தர வேண்டியதில்லை. வக்கீல் போன பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். தாயார், வேண்டாம், தாயார் ஊசிப்போனது. இதே பெஞ்சின் வலது ஓரத்தில் தன் முறைக்குக் காத்திருந்து காத்திருந்து, திறந்த கதவு வழியாக எத்தனை தாயார்களைக் கேட்டிருக்கிறார்! சைக்கிள் திருடினவனுக்கும் தாயார், அண்ணனை வெட்டினவனுக்கும் தாயார், அந்த அண்ணனுக்கும் அதே தாயார்தான் என்பது ஐயாவுக்கு ஞாபகம் வராமலா இருக்கும்? வேறு ஏதாவது. இதயத்தில் ஓட்டை. ஓட்டை என்றால் பஞ்சர்க்காரனுக்குப் பொருத்தம்தான், ஆனால் ஸ்கேன் எங்கே என்பார். கண் தெரியவில்லை என்றால்? எப்போதிலிருந்து என்பார், அந்தச் சங்கிலிப் பறிப்புக்கு முன்னாலிருந்தே என்றால்? ஆகா, அப்போது பார்த்தேன் என்றது பொய்யில்லை, பார்வைக் கோளாறு! மனசு ஒரு கணம் குதித்தது, உடனே துவண்டது, கையெழுத்தை மட்டும் கோட்டில் சரியாகப் போட்டிருக்கிறாயே என்பார். இன்னும் பெரியது. யானை. ஒரு யானை துரத்தியது, அந்த அதிர்ச்சியில் யாரைக் கண்டாலும், சீ, என்ன இது, நாக்கு தன் பாட்டுக்கு ஓடுகிறது, சங்கிலி கழன்ற பெடல் மாதிரி, மிதிக்க மிதிக்கச் சுற்றும், வண்டி நகராது. சரி, பொய் வேண்டாம், ஒரே ஒரு நிஜம் எடுப்போம், தான் கண்ணால் பார்த்த ஒன்று, அதை நீதிபதியின் மேஜையில் தூக்கி வைப்போம், இந்தாருங்கள் ஐயா, இது என்னுடையது, அசல். எது? கல்யாணம். நினைத்துப் பார்த்தார். மேற்படி தேதியில் மேற்படி மண்டபத்தில் பச்சை நிறப் பட்டுப்புடவை அணிந்த சுமார் இருபது வயது மதிக்கத்தக்க பெண்ணை, கீழே கையொப்பமிட்ட சாட்சிகள் முன்னிலையில், அய்யோ, அப்படியேதான் வருகிறது. சீனியம்மாளின் முகம் தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரிகிறது. பட்டப்பகல் முகூர்த்தத்தில் தெருவிளக்கு எங்கிருந்து வந்தது? மகள் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசல், நர்சு துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டுகிறாள், துணியைப் பிரித்தால் சுமார் ஒன்றே கால் அடி நீளமுள்ள மரப்பிடி போட்ட. கண்ணைத் திறந்துவிட்டார். நெற்றியில் வியர்வை. மகள் திருப்பூரில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள், நேற்றுக்கூடப் பேசினாள், என்ன பேசினாள், குரல் கேட்கிறது, வார்த்தை வரவில்லை. இத்தனை கத்திகளுக்கும் கேன்களுக்கும் மண்டைக்குள் இடம் விட்டு விட்டு, இருந்ததையெல்லாம் யார் வாரிக்கொண்டு போனது? ஜெயிலுக்குப் போனால் ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எதை நினைத்துக்கொண்டு கிடப்பது? அடுத்தவன் கத்தியையா? அதுதான் பயம். மூணும் ஏழும் இல்லை, களி இல்லை, கொசு இல்லை. உள்ளே போனால் நினைக்க ஒன்றுமில்லாமல் கிடக்கவேண்டும் என்பதுதான். வீட்டில் இருந்தாலாவது சீனியம்மாள் ஏதாவது ஏசிக்கொண்டே இருப்பாள், அந்த ஏச்சைப் பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளிவிடலாம். காலையில் கிளம்பும்போது, "வரும்போது தேங்காய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, குடுமி இருக்கட்டும்," என்றாள். வரும்போது. வருவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அல்லது தெரியாமலேதான் அப்படிச் சொன்னாளா?

"அண்ணாச்சி, உக்காரலாமா?" எலக்ட்ரீஷியன் திரவியம். இந்த வழக்கின் முதல் சாட்சியே அவன்தான், 'இவர் என்னைத்தான் கைகாட்டினார்' என்று சொல்லிவிட்டுப் போனவன், இன்றைக்குத் தீர்ப்பு என்று கேள்விப்பட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். முனியராஜ் நகர்ந்து இடம் கொடுத்தார். "என்னடா திரவியம், பார்த்து உக்காரு, கைய நீட்டிறப் போறாரு." திரவியம் சிரிக்கவில்லை. "எல்லாவனும் இதையே சொல்றாம்ல. அன்னையிலருந்து நான் எந்த வீட்டுக்கு வயரிங்குக்குப் போனாலும், ஏ சங்கிலி வாரான், கழட்டி உள்ள வைங்கன்னு கேலி. எம் பொண்டாட்டி தாலிச் சங்கிலிய எங்கிட்டயே மறைச்சு வக்கா, விளையாட்டுக்குத்தான், இருந்தாலும்." "மன்னிச்சுக்கோப்பா." "அதுக்குச் சொல்லல அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். கைய நீட்டுனீங்கள்லா, அப்ப நீங்க என்னயப் பார்க்கவே இல்லையா? ஒரு மனுசன் ஸ்டூலு மேல நிக்கான், வாயில டெஸ்டரு, கையில வயரு. இது தெரியலையா?" "தெரியலப்பா." "ஒருக்காகூட?" "மேஜையத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்." திரவியம் சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை உள்ளே அழுத்தினான். "பார்த்துட்டு மாட்டிவிட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்," என்றான். "இது ஒருமாதிரி இருக்கு." தவசிலிங்கம் அவன் முகத்தைப் பார்த்தார். அட, இவனுக்கு மூக்கின் பக்கத்தில் ஒரு மரு. சாட்சி சொல்ல வந்தபோதும் இருந்திருக்குமே. உள்ளறையில் பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. கோர்ட்டுச் சேவகரான டவாலி ஒருவர் கதவைத் திறந்துகொண்டு இடுப்புப் பட்டையைச் சரிசெய்தபடி வந்து, "முனியராஜு, கூட்டியா," என்றார்.

எதிரிக் கூண்டு. மேலே ஃபேன் நன்றாகத்தான் ஓடியது. இங்கிருந்து பார்த்தால் ஹாலே வேறு மாதிரி இருந்தது, எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதுபோல. அரசு வக்கீல் எழுந்து, பொய்ச்சாட்சிகளால் நாடெங்கும் குற்றவாளிகள் தப்பித்துக்கொண்டிருக்கும் காலத்தில் என்று தொடங்கி ஏழில் முடித்து உட்கார்ந்தார். நீதிபதி கேட்டார், "தண்டனை பற்றி நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" கோமதிநாயகம் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார், எடுத்துக் கொடுப்பதுபோல. தவசிலிங்கத்தின் கையும் நெஞ்சுக்குத்தான் போனது. பாதி வழியில் நின்றது. மேஜையைப் பார்க்காதே, முகத்தைப் பார். பார்த்தார். நீதிபதிக்கு நாற்பது வயதிருக்கும், தூக்கம் போதாத கண், சட்டைக் காலரின் வெள்ளைப் பட்டையில் ஒரு துளி மஞ்சள். குழம்பில்லை, பருப்பு. இவ்வளவு நேரம் கட்டியதெல்லாம் சரிந்து விழுந்தது. "ஐயா," என்றார். "எங்கம்மா போயி ரொம்ப வருஷமாச்சுங்க. பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கா. மகளும் நல்லாருக்கா. எனக்கு ஒரு சீக்கும் இல்லைங்க. குறைக்கச் சொல்லிக் கேக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. உள்ள போகப் பயமா இருக்கு, அவ்வளவுதான்." பின்னால் கோமதிநாயகத்தின் பேனா கீழே விழுந்தது. நீதிபதி, எல்லாருக்கும் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினார், எழுத்தர் நீட்டிய காகிதத்தை வாங்கினார், உள்ளறையில் முன்பே அச்சாகிச் சூடு ஆறாத காகிதம், ஓரம் சுருண்டிருந்தது. படித்தார். "தண்டனை குறித்து வினவப்பட்டபோது, தமக்கு வயது முதிர்ந்த தாயார் இருப்பதாகவும், மனைவி நோயுற்றிருப்பதாகவும், குடும்பத்துக்குத் தாம் ஒருவரே ஆதாரம் என்றும் குற்றவாளி கூறிக் குறைந்தபட்ச தண்டனை கோரினார். மேற்படி சூழ்நிலைகளையும், குறிப்பாக முதிய தாயாரின் நிலையையும் கருத்தில் கொண்டு."

கருத்தில் கொண்டு என்ன, என்ன கருத்தில் கொண்டு, நான் அப்படிச் சொல்லவில்லையே, இப்போதுதானே, இத்தனை பேர் முன்னால், தொண்டை கிழியச் சொன்னேனே, போய்விட்டாள் என்று. சுற்றிப் பார்த்தார். அரசு வக்கீல் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். டவாலி கொட்டாவியைக் கையால் மறைத்தார். எழுத்தர் பக்கத்தைப் புரட்டினார். ஒருவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அந்த வாசகத்தின் நெளிவு சுளிவு தவசிலிங்கத்துக்குத் தெரியும், இடத்துக்கேற்ப ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு எல்லா ஊரிலும் எல்லா வழக்கிலும் போய் உட்காருகிற வாசகம், தெருவிளக்கு வெளிச்சத்துக்கு அண்ணன். எத்தனையோ பேருடைய வாயில் இந்த மாதிரிச் சொற்கள் திணிக்கப்பட்டு, அவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடியதை வலது ஓரத்திலிருந்து பார்த்திருக்கிறார். இல்லை, பார்த்ததில்லை. பெஞ்சிலிருந்து கேட்டதோடு சரி, கூண்டேறினால் மேஜையைத்தான் பார்த்தார். "மூன்று வருட மெய்க்காவல் சிறைத்தண்டனை," என்று நீதிபதி படித்துக்கொண்டே போனார். மூன்று. கோமதிநாயகம் அவசரமாக எழுந்து மனுவை நீட்டினார், நிறுத்தி வைக்கவேண்டும், அப்பீல், சொந்தப் பிணை, தாயார், அவர் வாயிலும் தாயார். "சரி," என்றார் நீதிபதி. பிறகு நிமிர்ந்து, "படிச்சதெல்லாம் புரிஞ்சுதா? நீங்க சொன்னது சரியா வந்திருக்கா?" என்றார். நாக்கு துடித்தது. இல்லை என்று ஒரு சொல், அதைச் சொன்னால் காகிதம் உள்ளே போகும், மறுபடி பிரிண்டர் ஓடும், தாயார் போய்விடுவாள், தாயார் போனால் மூன்று போய்விடும். கோமதிநாயகத்தின் கண் விழுந்துவிடும்போல் பிதுங்கிக்கொண்டு அவரையே பார்த்தது. ஒரு நொடி. ஃபேன் சுற்றியது. "ஆமாங்கய்யா," என்றார் தவசிலிங்கம். தட்டாமல், இருமாமல், கூண்டில் நிற்கிறவன் எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படி. எழுத்தர் காட்டிய இடத்தில், கோட்டில் சரியாகக் கையெழுத்துப் போட்டார்.

வாசல் வெயிலில் கண் கூசியது. கோமதிநாயகம் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "கொன்னுருப்பீங்களேண்ணே என்னைய!" என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார். முனியராஜ் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்குப் போகலாம். கால் நகரவில்லை. எதுவோ மறந்து போனதுபோல, எதையோ உள்ளே விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. படிக்கட்டின் கீழே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரவியம் நின்றிருந்தான். கடைசி வரிசையில், ஃபேன் இரைச்சலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவனுக்கு நீதிபதி வாசித்தது மட்டும்தான் கேட்டிருக்கிறது. முகம் இளகியிருந்தது. "அண்ணாச்சி, எனக்குத் தெரியாமப் போச்சே. வீட்டுல அவ்வளவு வயசான அம்மாவ வச்சுக்கிட்டா இத்தன வருசம் கேஸுக்கு அலைஞ்சீங்க?" தவசிலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அவனே அடுத்ததைக் கேட்டான். "அம்மா நடமாட்டம் உண்டுமா?" "ம்... மெதுவா." மெதுவா என்று யார் சொன்னது? "எங்கம்மா இப்படித்தான் ராத்திரி இருட்டுல சுவிட்சத் தேடப்போயி விழுந்தா. எந்திரிக்கவேயில்ல." திரவியம் பையின் வாரை இழுத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வாரேன். கட்டிலுப் பக்கத்துலயே கைக்கு எட்டுற மாதிரி ஒரு சுவிட்சு இறக்கித் தந்துட்டுப் போறேன். வயரு எங்கிட்ட மிச்சம் கிடக்கு. ஒண்ணும் சொல்லாதீங்க." சொல்லவேண்டும், இப்போதாவது, இவனிடமாவது, இவனை ஒருதரம் பார்க்காமல் விட்டது போதாதா. அவன் மூக்கோரத்து மருவைப் பார்த்தார். "எந்தக் கைப் பக்கமா வைக்க? வலக்கைப் பக்கம் போட்டாப் போதும்லா?" தவசிலிங்கத்தின் புத்தி அந்தச் சொல்லில் நின்றது. வலக்கையா? சோற்று ஏனத்தில் கரண்டி மோதுகிற சத்தம். அடுப்படி. அப்பா கத்துகிறார், எந்தக் கையால போடுற, எந்தக் கையால போடுற. அம்மா கரண்டியை மாற்றுகிறாள், சோறு இலைக்கு வெளியே சிந்துகிறது, அப்பா எழுந்து போனதும் மறுபடி அந்தக் கைக்கே மாற்றிக்கொண்டு மகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறாள். பகல். ஜன்னல் வெயில் அவள் மணிக்கட்டில் விழுந்திருக்கிறது. அளவு இல்லை, நிறம் இல்லை, மதிக்கத்தக்க வயது இல்லை, எந்த மகஜரிலும் இல்லாதது.

"இடக்கைப் பக்கம் போடுப்பா," என்றார். "அவுகளுக்கு எல்லாமே இடக்கைதான்."